விடியக்காலை நடையும் மாமி வீட்டுப் படலையும்

நெடுந்தீவு
10.03.1989

அன்புள்ள மகன் குலசிங்கத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மருமகளும் அந்தப் பனியில் விறைக்காமல் இருக்க நயினை அம்மன் துணை.

உன் கடிதம் கிடைத்தது. மனிதன் வளர்வதற்குத் தினமும் ஒரு சின்னப் பழக்கமும், கண் முன்னால் ஒரு பெரிய இலட்சியமும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். பென்சன் எடுத்த வாத்தியாருக்கு மகன் பாடம் எடுக்கிறான். சரி, படித்தேன். பழக்கம், விடியக்காலை நடை. இலட்சியம், என் அக்கா, உன் மாமி இலட்சுமிப்பிள்ளையோடு திரும்பவும் கதைப்பது. அவளுடைய மகளுக்கு உன்னைப் பேசிவைத்திருக்க, நீ ரொறன்ரோவிலிருந்து "எனக்கு ஏலாது" என்று ஒரு வரி எழுதிப்போட்டு வேறு பெண்ணைக் கட்டினாய். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. நீ அங்கே வளர்ந்தாய். நான் இங்கே அக்கா வீட்டு ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப்போகப் பழகினேன்.

முதல் நாள் குளித்து, வெள்ளை வேட்டி சால்வையோடு இறங்கினேன். இந்தத் தீவில் அலுவல் இல்லாமல் விடியக்காலை நடக்கிறவன் கிடையாது என்பதை மறந்துபோனேன். கண்டவன் எல்லாம் "ஆரண்ணை செத்தது?" என்றான். "ஒருத்தருமில்லை, சும்மா நடக்கிறன்" என்றேன். எவனும் நம்பவில்லை. பஸ்ரியாம்பிள்ளை வலை திருத்துவதை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார், அவர் வருகிறாரென்று வேறு நாலு பேர் வந்தார்கள், நான் வேகமாக நடக்க அவர்களும் வேகமாக நடக்க, மாமி வீட்டுப் படலைக்கு ஒரு ஊர்வலமே போய்ச் சேர்ந்தது. பகைத்த வீட்டுப் படலையில் விடியக்காலை வந்து நிற்பவன் இழவு சொல்லத்தான் நிற்பான். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடிவந்து, நான் வாய் திறக்க முதலே குழறி அழத் தொடங்கினாள். அயலெல்லாம் கூடிவிட்டது. எவனோ எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்த் துக்கம் விசாரிக்க, செத்தது நான்தான் என்று உன் அம்மா மயங்கி விழுந்தாள்.

"அக்கா, ஒருத்தரும் சாகேல்லை. உன்னோடை கதைக்க வந்தனான்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்தாள். "ஒருத்தரும் சாகேல்லையெண்டா இஞ்சை உமக்கென்ன அலுவல்?" என்று படலையைச் சாத்தினாள். வந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். செத்திருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே மகனே, பழக்கம், இலட்சியம் இரண்டையும் விட்டுவிட்டேன். நீ முறித்துப்போட்டதை ஒட்டுவதற்கு நீயே எனக்குப் புத்தி எழுதுகிறாய். வெட்கமாக இல்லையா? இனி எழுதாதே.

மருமகளை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகுட்டியோடு நல்லாயிருங்கள். கோபத்தோடுதான் ஆசீர்வதிக்கிறேன், ஆனாலும் முழு மனதோடு.

உன் அப்பா,
விநாயகமூர்த்தி

பி.கு.: விட்டுவிட்டேன் என்று எழுதியதை நம்பாதே. நாளைக்கும் போகிறேன். அன்று குழறும்போது அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "ஐயோ என்ரை தம்பி, ஆரைப் பறிகுடுத்திட்டு வந்து நிக்கிறாய்?" என்றவள். உன் அந்த ஒரு வரிக்குப் பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அப்போதுதான். இன்னொருமுறை கூப்பிட ஒரு சாவு வேண்டுமென்றால், அது என் சாவாகத்தான் இருக்கும். அப்போது எனக்குக் கேட்காது.