அமெரிக்கக் காசி

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். என் கல்யாணத்துக்கு நான் இரண்டே பொய்தான் சொன்னேன். இரண்டும் ஒரே வரைபடத்தைப் பற்றி.

பழவங்காடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது அது. அமெரிக்காவில் சூதாட்டத்துக்கென்றே இருக்கும் ஒரு நகரத்தின் அந்தக் காலத்துக் கேலிச்சித்திர வரைபடம். தெருவுக்குத் தெரு 'கேசினோ' என்ற சூதாட்ட விடுதி, காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் இயந்திரங்கள், அவற்றின் முன் வரிசையாக ஜனங்கள். மூலையில், எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, இடுப்பில் ஒரு மரப்பீப்பாயை மட்டும் மாட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடும் ஒரு குண்டு மனிதர். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போய், சட்டம் போட்டு ஸ்ரீவராகம் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். (வயது இருபத்தொன்பது, பெண் அமையவில்லை, ரசனைக்கு மட்டும் குறைச்சலில்லை.)

ஒருவழியாகப் பெண் அமைந்தாள். அவளைப் பார்த்ததிலிருந்து, இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்ற நிலையில் இருந்தேன். வீடு பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் அப்பா வந்தார். அவர் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"கேட்டியாடா, அவரோட தமையன் சீட்டாடி வீட்டையே தோத்துட்டாராம். சூதாட்டம்னு காதுல விழுந்தாலே இவர் எழுந்து போயிடுவாராம்."

படத்தைக் கழற்ற ஓடினேன். ஆணி வரவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

நல்லவேளை, மனிதர் மூக்குக்கண்ணாடியை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். காப்பி டம்ளரோடு படத்தருகே போய், பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்.

"சி, ஏ, எஸ், ஐ... காசியா?"

மிச்சம் இரண்டு எழுத்தை ஒரு குதிரையின் வால் மறைத்திருந்தது. அந்தக் குதிரை நன்றாக இருக்க வேண்டும்.

"ஆமாம் மாமா. அமெரிக்கக் காசி."

"பேஷ். எல்லாரும் எதுக்கு வரிசைல நிக்கறா?"

"உண்டியல், மாமா."

"காசிக்குப் போனா பிடிச்சது எதையாவது விட்டுட்டு வரணுமே. அங்க எதை விடுவா?"

பீப்பாய் மனிதரைப் பார்த்தேன். "சட்டை முதற்கொண்டு எல்லாத்தையும் விட்டுடுவா, மாமா." (இது மட்டும் பொய்யில்லை.)

அம்மா அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் செல்போனை எடுத்து, "பொண்ணுக்கு அனுப்பறேன்" என்று அதைப் படம் பிடித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. பெண்ணுக்கு ஆங்கிலமும் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது: பெண்ணுக்குச் சம்மதம்! நேரே பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய், பொய்க்கு ஒன்றாக இரண்டு தேங்காய் உடைத்தேன்.

கல்யாணத்தன்று காசி யாத்திரை. சன்னியாசம் போகிறேன் என்று நான் குடையோடு கிளம்ப, மாமனார் தடுத்து, பெண்ணைத் தருகிறேன் என்று அழைத்து வர வேண்டும். புதுக் கண்ணாடி போட்டிருந்த அவர், வெற்று மார்போடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்பிள்ளே, எந்தக் காசிக்கு? சட்டையைக் காணோமே, போயிட்டே வந்துட்டேளா?"

மண்டபமே சிரித்தது. எனக்கு வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். மனைவி பிறகு சொன்னாள்: "அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன். இவ்வளவு மோசமாப் பொய் சொல்றவர் எங்கேர்ந்து சீட்டாடறது, பயப்படாதீங்கோன்னு."

இன்றும் நான் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சட்டையில்லாமல் வீடு திரும்பினால், என் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பா எல்லாத்தையும் தோத்துட்டு வந்தாச்சு!"