சுவிசேஷ ஊழியத்திலிருந்து என் ராஜினாமா

ஆரணி,
செவ்வாய் மாலை.

கர்த்தருக்குள் பிரியமான வின்சென்ட் மச்சான் அவர்களுக்கு, ஜோசப்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் தேவகிருபையால் சுகம். தேசூரில் உங்கள் முழங்கால் படியேறும் அளவுக்குத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தாலே தெருவுக்கே கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

சபை ஆண்டுவிழாவுக்குள் ஆளுக்கு ஒருவருக்காவது சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டார், ரிட்டையர் ஆனவன்தானே என்று நானும் கையைத் தூக்கிவிட்டேன். எனக்குப் பழக்கமானவர் பக்கத்து வீட்டு அருணகிரி ஒருவர்தான். வீட்டிலேயே இரண்டு பவர்லூம் போட்டுப் பட்டு நெய்கிறவர், தங்கமான மனுஷர். அவர் தறியை விட்டு நகரமாட்டார் என்பதால் நானே போய்ப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு மேலே அடிவயிற்றிலிருந்து கத்தி, ஆதியாகமம் தொடங்கி மூன்று மாதம் தினமும் சொன்னேன். அவரும் வார்த்தைக்கு வார்த்தை தலையாட்டினார். போன வியாழக்கிழமை, அப்பன் வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் பன்றிகளோடு பசியில் கிடக்கிற கட்டத்தில் கரண்ட் போய்விட்டது. தறி நின்றது, நான் நிற்கவில்லை. "தவிட்டைத் தின்ன ஆசைப்பட்டான்!" என்று தெருவே அதிரக் கத்திவிட்டேன். அருணகிரி திடுக்கிட்டு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"இன்னா சார், யாரு தவிடு துன்னது?"

"மூணு மாசமா சொல்லிகினு கீறேனே, கேக்கலியா?"

"பஞ்சு வெச்சுகினா இடி வுழுந்தாலும் கேக்காது சார். பென்ஷன் பத்தி ஏதோ புலம்பறீங்கன்னு நெனச்சேன். பேச ஆள் இல்லாம பேஜாரா கீறாரு, பாவம்னு தலையாட்டிகினு இருந்தேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கள் தெருவிலிருந்து புதிதாக ஏழு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! யார் சொல்லி வந்தீர்கள் என்று போதகர் கேட்க, ஏழு பேரும் என்னைக் கை காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் நான் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டதில்லை. எதிர்வீட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் கெங்கம்மாள் எழுந்து, "தெனம் சொல்வாருங்க. கரண்ட் போனதோட நிறுத்திட்டாரு. அந்தப் புள்ள வூட்டுக்குத் திரும்பிப் போச்சா இல்லியா, அத்தக் கேட்டுகினு போலாம்னு வந்தோம்" என்றாள். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. வருகிற ஞாயிறு நான் மேடையேறி, சுவிசேஷம் சொல்வது எப்படி என்று சபைக்கு விளக்க வேண்டுமாம்.

நான் என்னத்தை விளக்குவேன்? யாருக்குச் சொன்னேனோ அவருக்குக் கேட்கவில்லை, கேட்டவர்களுக்கு நான் சொல்லவில்லை. இதில் நான் செய்தது எது, கர்த்தர் செய்தது எது, மின்வாரியம் செய்தது எது என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. நான் சொல்ல ஆசைப்பட்டது அருணகிரி ஒருவருக்குத்தான். அவருக்கு மட்டும்தான் ஒன்றும் போய்ச் சேரவில்லை. எனக்கு இந்த வேலை வராது. நீங்கள் பெரியவர், போதகரிடம் பேசி என்னை விடுவித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் முழங்காலையும் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் அன்புள்ள,
ஜோசப்ராஜ்

பின்குறிப்பு: போதகரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். கவரை ஒட்டப்போன நேரத்தில் அருணகிரி வந்துவிட்டார். கரண்ட் இருக்கும்போதே இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். "தெருவுக்கே தெரியுது, எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. மொதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்று எதிரே உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதம் கத்திய வாய்க்கு, மெதுவாகச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அவசரக் கடிதம் ஒன்று எழுதி முடிக்க வேண்டும் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொய்யிலேயே ஆரம்பிக்கிறேனே மச்சான், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.