மூதாதை தேடிய பெயர்

கண்டி நகரத்தில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போனவர்களை அதிகம் தெரிந்து வைத்திருந்த மனிதர் யாரென்று கேட்டால், யோசிக்காமல் மூதாதையைக் கைகாட்டுவேன். போர்டிங்கில் எதிர் அறைக்காரர் வேலை மாறிப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் போனதே மூதாதைக்குத் தெரிந்தது. ஆனால் அந்த எதிர் அறைக்காரரின் பூட்டன் எந்தத் தோட்டத்தில், யார் கீழ் கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலை எடுத்தார், எந்த மாதம் காய்ச்சலில் கிடந்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கட்டுக்கலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் போர்டிங். கீழே முதலாளி துணி கிழிப்பார். மேலே நாங்கள் நாலு பேர் கலண்டர் கிழிப்போம். நான் வாகன உதிரிப்பாகக் கடையில் விற்பனையாளன். மூதாதைக்கு ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதர் வேலை. ஐம்பதைத் தாண்டிய ஒற்றைக்கட்டை. அந்தப் பெயரை வைத்தவர் முதலாளிதான். கிண்டலுக்கு வைத்தார். இவரோ ஏதோ பொன்னாடை போர்த்தியதுபோல மகிழ்ந்துபோய், போனில் பேசும்போதுகூட "ஹலோ, மூதாதை பேசுறேன்" என்றே ஆரம்பித்தார்.

அவருடைய அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஓர் அலுமாரி. அலுமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு சட்டைகூட இருக்காது. மேல் தட்டில் பிறப்பத்தாட்சிப் பிரதிகள். நடுத் தட்டில் இறப்புப் பதிவுகள். கீழ்த் தட்டு முழுக்கச் செக்ரோல் பக்கங்கள். செக்ரோல் என்றால் தோட்டத்தில் இன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கங்காணி வாரியாகப் பதிகிற பேரேடு. அவருடைய சட்டைகள் சுவரில் ஆணியில் தொங்கின. ஏன் அண்ணே இந்தக் கோலம் என்று கேட்டால், சட்டை கிழிந்தால் கீழே போய் வேறு வாங்கலாம், கரையான் தின்ற ஆளை எந்தக் கடையில் வாங்குவது என்று திருப்பிக் கேட்பார்.

இவ்வளவு காகிதமும் ஒரே ஒரு பெயருக்காக. மூதாதையின் தாத்தாவைப் பெற்றவளின் பெயர். தாத்தாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது தோட்டத்தில் ஏதோ நோய் வந்து அவள் செத்துப்போனாள். வீரமலை என்ற கங்காணி பிள்ளையை எடுத்து வளர்த்தார். அவ்வளவுதான் வீட்டில் தெரியும். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க மூதாதை கெட்டம்பே ஆற்றங்கரைக்குப் போவார். ஐயர் தலைமுறை தலைமுறையாகப் பெயர் கேட்பார். மூதாதை மடமடவென்று சொல்லிக்கொண்டே வந்து அந்த ஓர் இடத்தில் நின்றுவிடுவார்.

"தேடிக்கிட்டிருக்கேங்க சாமி. அடுத்த வருசம் சொல்லிருறேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க. பேரு தெரியாட்டிப் பொதுவா ஒன்னு சொல்லிக்கலாம். சாஸ்திரத்துல எடம் இருக்கு."

"பொதுவா விட்டா வேற யாராச்சும் குடிச்சிட்டுப் போயிருவாங்க சாமி. எங்காளுக்குப் போயிச் சேராது."

பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஈர வேட்டியோடு நெளிவார்கள். இவர் அந்த நேரத்தையும் வீணாக்காமல் திரும்பி, ஒங்க பூட்டன் யார் ஆளு, வீரமலைக் கங்காணி ஆளா என்று அவர்களை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

முதலாளிக்கு இதெல்லாம் வெட்டிவேலை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று ஒருநாள் புத்தி சொன்னார். மூதாதை சுண்டு விரலால் காதைக் குடைந்துகொண்டே, "ரிஷிக்குத்தாங்க பார்க்கக் கூடாது மொதலாளி. கூலிக்காரனுக்குப் பார்த்துத்தான் ஆவணும்" என்றார்.

ஆனால் அதே முதலாளி, மகள் கல்யாணம் நெருங்கியதும் மாடிக்கு ஏறி வந்தார். கண்டியை ஆண்ட கடைசி ராஜாக்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர்கள் அல்லவா, தம்முடைய முன்னோரும் மதுரைப் பக்கம்தான், ஆகவே ஏதாவது தொடுப்பு இருக்கத்தான் வேண்டும், கண்டுபிடித்துக் கொடுத்தால் அழைப்பிதழில் போடலாம் என்றார். மூதாதை ஒரு மாத லீவு எடுத்தார். அரண்மனைப் பக்கம் போனார், அருங்காட்சியகத்தில் நின்றார், கொழும்புக்குப் போய்ப் பழைய ஆவணங்களைப் புரட்டினார். திரும்பி வந்து, கடை நிறைய ஆட்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முகமெல்லாம் சந்தோஷமாக அறிவித்தார்: ராஜா தொடுப்பு ஒரு துளியும் இல்லை, ஆனால் முதலாளியின் பூட்டன் வத்தேகம சந்தையில் தலையில் கூடை சுமந்து கருவாடு விற்றதற்குக் கையெழுத்தோடு ஆதாரம் இருக்கிறது. முதலாளி மாடிக் குழாயை மூடிவிட, நாங்கள் நாலு பேரும் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் குளித்தோம். மூதாதைக்கு மட்டும் காரணம் கடைசிவரை விளங்கவில்லை. ராஜாவென்றால் சும்மா உட்கார்ந்து தின்றவன், கருவாட்டுக்காரன் எவ்வளவு பெரிய ஆள் என்று எங்களிடம் வியந்துகொண்டே இருந்தார்.

தன் கல்யாணத்தையும் அவர் இப்படித்தான் கவனித்துக்கொண்டார். நாற்பது வயதில் வத்தேகமவில் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பஜ்ஜியும் கேசரியும் வந்தன, பெண்ணும் வந்து நின்றது. இவர் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்ணின் தகப்பனிடம் பூட்டன் பெயர், பூட்டி பெயர், வந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பையிலிருந்து நாலு பிரதிகளை எடுத்துத் தரையில் பரப்பினார். அரை மணி நேரம் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நின்று, பெண் தனக்குத் தங்கை முறை என்று ஆதாரத்தோடு நிரூபித்தார். கூடப் போயிருந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். இவருக்கோ பெண் கிடைக்காத வருத்தத்தைவிடத் தங்கை கிடைத்த மகிழ்ச்சி பெரிது. அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலுக்கு இவர் இன்றும் அண்ணன் சீர் கொண்டு போகிறார்.

ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, வாங்க, வாவிக்கரையில் காற்று வாங்கலாம் என்று என்னைக் கூட்டிப்போனார். வறுத்த கச்சான் கடலை வாங்கித் தருவார் என்று நம்பிப் போனேன். மனிதர் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னாலிருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குள் நேராக நுழைந்துவிட்டார். காய்ச்சலில் போன துரை, யானை மிதித்துப் போன துரை, பிறந்த மறுமாதமே போன துரையின் குழந்தை என்று ஒவ்வொருவரையும், கல்யாண வீட்டில் உறவினரை அறிமுகம் செய்வதுபோல, எனக்கு அறிமுகம் செய்தார். ஒரு கல்லின்மேல் விழுந்திருந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டார்.

"பாருங்க தம்பி. இந்தப் புள்ள இருபது நாள்தான் இருந்திருக்கு. அம்மா பேரு, அப்பா பேரு எல்லாம் கல்லுல இருக்கு. பாவம், இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. எங்க பூட்டிக்குக் கல்லு வேணாங்க. பேரு போதும்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அன்று வரும் வழியில், அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று எங்கள் குடும்ப வரலாற்றை எடுத்து விட்டேன். எங்கள் குடும்ப வரலாறு மொத்தமே ஒரு வரிதான். என் பூட்டன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கங்காணி துரையோடு சண்டை பிடித்துக்கொண்டு, தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தோட்டைக்கு இரண்டு நாள் நடந்தே வந்தார். வழியில் என் பூட்டன் அவருடைய தோளில் உட்கார்ந்தபடியே கோட்டு நனைய மூத்திரம் பெய்தார். இந்தக் கதையைச் சொல்லி நாலு தலைமுறையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மூதாதை சிரிக்கவில்லை. நடைபாதையில் அப்படியே நின்றார்.

"புள்ளைய ஏன் கங்காணி தூக்கினாரு? அம்மாக்காரி எங்க போனா?"

இத்தனை வருடச் சிரிப்பில் எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. தெல்தோட்டையில் இருக்கும் பெரியப்பாவுக்கு அங்கேயே நின்றபடி போன் போட்டேன். அந்தக் கங்காணிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வீரமலைக் கங்காணிதான், வேறு யார் என்று சாதாரணமாகச் சொன்னார். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்றார்.

பன்னிரண்டு வருடமாக மூதாதை, வீட்டில் சொன்னதை நம்பி, தெல்தோட்டைப் பக்கத்துச் செக்ரோல்களையே சலித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய தப்பில்லை. வந்து சேர்ந்த தோட்டத்தைத்தான் நம் ஆட்கள் ஆதி முதல் இருந்த இடம் போலச் சொல்வார்கள். முந்திய தோட்டம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய இடம், அதைப் பற்றிப் பெரும்பாலான வீடுகளில் மூச்சுவிட மாட்டார்கள். கங்காணி போனால் ஆட்களும் கூடவே போவார்கள். பேரேடு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினோம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒரு சிங்கள மனிதர், நன்றாகத் தமிழ் பேசினார். முதலில் தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு உர மூடைகள் அடுக்கிய ஸ்டோரைத் திறந்துவிட்டு, எலிகள் மிச்சம் வைத்ததையெல்லாம் தாராளமாகப் பார்க்கச் சொன்னார். காலையிலிருந்து தும்மிக்கொண்டே புரட்டினோம். மத்தியானத்துக்கு மேல், முதுகு பிய்ந்து தொங்கிய ஒரு பேரேட்டில் வீரமலைக் கங்காணியின் பெயரை மூதாதை கண்டார்.

அந்தப் பக்கத்தைத் தொட அவருக்குக் கை வரவில்லை. சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். நான்தான் விரித்துப் பிடித்தேன். கங்காணியின் கீழ் ஆண்கள், அதற்குக் கீழ் பெண்கள். ஒரே மாதத்தில் மூன்று பெண்களின் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்து, செத்ததாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. காத்தாயி. அங்கம்மா. பேச்சி. மூன்று பேருக்கு நேரேயும் பிள்ளை ஒன்று என்று மட்டும் இருந்தது. பிள்ளைகளின் பெயரை யாரும் எழுதவில்லை.

இவர்களில் யார் மூதாதையின் ஆள், யார் என் ஆள் என்று பிரித்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் வழியில்லை. ஒருத்தியின் பிள்ளை இவருடைய தாத்தா. ஒருத்தியின் பிள்ளை என் பூட்டன். மூன்றாவது பிள்ளை எந்த வீட்டுக்குப் பூட்டனானதோ. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உதிரிப்பாகம் விற்கிறவன் நான், சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. மூதாதை மூன்று பெயர்களையும் மெதுவாக ஒரு தரம் வாசித்தார். பிறகு மூடைமேல் உட்கார்ந்து அழுதார். பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கோப்பைத் தேத்தண்ணீர் அனுப்பினார்.

அந்த ஆடி அமாவாசைக்கு அவருடைய சட்டையையும் போனையும் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நானும் கெட்டம்பேக்குப் போனேன். என் அப்பா போய் மூன்று வருடமாகியும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஐயர் மூதாதையைக் கண்டதும், இந்த வருடமாவது பெயர் கிடைத்ததா என்றார்.

"கெடச்சிருச்சுங்க சாமி. மூனு."

ஒரு பூட்டிக்கு எப்படி மூன்று பெயர் என்று ஐயர் விழித்தார். மூதாதை முழங்கால் தண்ணீரில் நின்றபடி செக்ரோல் கதை முழுவதையும் சொன்னார். பின்வரிசை வழக்கம்போல நெளிந்தது, பிறகு நெளிவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது. அதில் ஒன்றைத் தேர்ந்து சொல்லுங்கள், தெய்வம் ஏற்றுக்கொள்ளும் என்றார் ஐயர்.

"ஒருத்தி எங்க ஆளு சாமி. மத்தவங்களுக்கு இத்தன காலமா யாரும் தண்ணி விட்டிருக்க மாட்டாங்க. பேரு தெரிஞ்ச பொறவு எப்புடிங்க விட்டுட்டுப் போறது? மூனு பேருக்கும் விட்டுருவோம்."

ஐயர் குனிந்து சம்புடத்திலிருந்து எள்ளை இன்னும் இரண்டு பிடி அள்ளி வைத்தார்.

மூதாதை கரைப்பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஆளும் இதில்தானே இருக்கிறாள், இறங்கி வாருங்கள் என்றார். சட்டையையும் போனையும் பின்னால் நின்ற யாரிடமோ கொடுத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. கல் வழுக்கும் என்று மூதாதை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காத்தாயி, அங்கம்மா, பேச்சி என்று ஐயர் சொல்லச் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் திருப்பிச் சொன்னோம்.

முடிந்ததும், நீங்கள் இவருக்கு என்ன முறை என்று ஐயர் என்னைக் கேட்டார். மூதாதை உடனே விரல் மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். கங்காணி வளர்த்த பிள்ளைகளை அண்ணன் தம்பியாக எடுத்தால் சித்தப்பா முறை, தாய்மார் வழியாகப் போனால் இன்னும் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "எங்க அண்ணன்ங்க சாமி" என்றேன். அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஆதாரம் கேட்காமல் ஒப்புக்கொண்ட உறவு அது ஒன்றுதான்.