அச்சு மட்டும் வந்துவிட்டால்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. ஓட்டாமல் துடைத்து வைக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராமல், பழைய சைக்கிளுக்குப் பொருத்தம் பார்த்தே காலம் தள்ளுகிற மூன்றாவது வகை ஒன்று உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். கைகுலுக்கினால் உங்கள் கையில் கிரீஸ் ஒட்டும். “சைக்கிள் எப்படி ஓடுது?” என்று கேட்டால், “இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வரணும்” என்பார்.

நம்முடையவருக்கு மனைவியின் தம்பி வைத்த பெயர் அச்சுமாமா. இரண்டு பெடல் கைகளையும் பிடித்துக்கொண்டு பிரேமின் வயிற்றுக்குள் உருளுகிறதே சின்ன இரும்புத் துண்டு, அந்த அச்சுதான் அவருக்கு உலகம். கூடத்துச் சுவரில் மிகப் பழைய பிரேம் ஒன்று தொங்குகிறது. கல்யாணப் போட்டோ அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பிரேமுக்கு அழகான கிராங்க், அதாவது பெடல் கை, ஒன்று அகப்பட்டது; அச்சு குட்டை, கிராங்க் பிரேமில் இடித்தது; நீள அச்சு வாங்கினார், செயின் கோணிக்கொண்டது; நடுத்தரமாக ஒன்று தேடிப் பிடித்தார், அது உருள வேண்டிய கிண்ணங்களின் மரை பிரேமின் மரையோடு ஒத்துப்போகாமல் முறுக்கிக்கொண்டது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? கிண்ணத்தை மாற்றுவோம். அவர் கிண்ணத்துக்கு ஏற்ற வேறு பிரேம் வாங்கி வந்தார். புதிய பிரேமுக்குப் பழைய கிராங்க் பிடிக்கவில்லை. அது வேறு கதை. இல்லை, அதே கதைதான்.

மனைவி கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து ஏரிவரை சைக்கிளில் போய் வர வேண்டும். அவளுக்கு அக்கா கொடுத்த பழைய சைக்கிள் இருந்தது. மணி துருப்பிடித்திருந்தாலும் நன்றாக ஓடியது.

“இந்த ஞாயித்துக்கிழமையாவது போவோமா, மாட்டோமா?”

“கண்டிப்பா. அச்சு மட்டும் வந்துட்டா…”

“வரலைன்னா நான் தனியாப் போவேன். அப்புறம் என்னைக்குமே தனியாத்தான் போவேன்.”

சனிக்கிழமை மாலைவரை பார்சல் வரவில்லை. தம்பிக்கே மனசு இளகிவிட்டது.

“மாமா, என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயேன்.”

“அதுவா? அந்த கிராங்கும் பிரேமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கக்கூட மாட்டேங்குதேடா!”

அப்போதுதான் அவர் பார்வை மனைவியின் சைக்கிள் மேல் விழுந்தது. அதே காலத்துச் சைக்கிள். அதன் அச்சை அளந்து பார்த்தார். மறுபடியும் அளந்தார். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டா ஊரெல்லாம் தேடினோம்!

ஞாயிறு காலை மனைவி ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய சைக்கிள் பெடலும் இல்லாமல் கிராங்கும் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவருடையது, முழுசாக, பளபளவென்று.

“பாத்தியா, சொல்லி வெச்ச மாதிரி உக்காந்திருக்கு! சுத்திப் பாரு, சத்தமே வராது.”

“என்னோடது?”

“அதுக்கு… இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வரணும்.”

அவள் திட்டவில்லை. அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினாள், சீட்டை இறக்கினாள், ஏறி உட்கார்ந்தாள்.

“அது வர்ற வரைக்கும் இது என்னோடது.”

போய்விட்டாள். சத்தமே வரவில்லை.

அவர் தெருமுனைவரை ஓடினார். ஏரிப் பக்கமாகத் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது.

“விடு மாமா, வந்துடுவா” என்றான் தம்பி.

“செயின் எவ்வளவு நேரா ஓடுது, பாத்தியாடா!”

திரும்பி வந்து, அனாதையாக நின்ற சைக்கிள் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், அவள் எப்போது திரும்பி வந்தாள் என்று கேட்கத் தோன்றாமல், அந்த அச்சு எத்தனை மில்லிமீட்டர் என்று கதை சொல்கிற இவன் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறதா? அப்படியானால், ஐயா, பக்கத்தைப் புரட்டுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கிரீஸ் ஒட்டுகிறது.