‘இன்னும் ஒரு நாள் இருங்கள்’ என்று சொல்லாத குற்றம்

வேரே துறைமுகம்,
மிக்கேல் திருநாளுக்கு மறுநாள், செப்டம்பர் முப்பது.

எடின்பரோ அரண்மனையில் மகாராணிக்குத் தோழியாக வீற்றிருக்கும் மூத்த சகோதரி யூஃபேமியா அவர்களுக்கு, பால்கார்ன் பிரபுவாக இருந்து தற்சமயம் வெறும் தம்பியாக மட்டும் இருக்கும் நினியன் வணங்கி எழுதுவது. இங்கே நான் உடம்புக்குக் குறைவில்லாமலும் மனசுக்கு நிறைவில்லாமலும் இருக்கிறேன். அத்தானின் முட்டிவலி தேவலையா?

நிதானமாகத்தான் எழுதுகிறேன் அக்கா. இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது, கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நான் ராஜத்துரோகம் செய்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். நடந்தது இவ்வளவுதான். மான் வேட்டைக்கு வந்த மன்னர் முந்நூறு பேரோடு நம் வீட்டில் தங்கினார். இரண்டாம் நாள் காலை அவர் குதிரை ஏறியதும், “இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போகலாமே” என்றேன். விருந்தாளி இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை நன்றி சொல்லிக் கிளம்புவதுதானே நம் பக்கத்து முறை? இவர் முதல் தடவையிலேயே இறங்கிவிட்டார். மறுநாளும் சொன்னேன், மறுநாளும் இறங்கினார். சொல்லாமல் இருக்க நான் என்ன வளர்ப்பு கெட்டவனா? பன்னிரண்டு நாளில் மாட்டுக்கொட்டில் காலி, பீப்பாய்களும் காலி, நாய்கள் மட்டும் கொழுத்துப்போயின. பதின்மூன்றாம் நாள் மன்னர் குதிரையின் அங்கவடியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பின்னால் நின்ற இசொபெல் என் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

“என்ன நினியன், இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?” என்றார் மன்னர்.

“போயிட்டு வாங்க மகாராஜா” என்றேன்.

மறுவாரமே சந்தைத் தூணடியில் மூன்று முறை கொம்பு ஊதி என்னைத் துரோகி என்று அறிவித்துவிட்டார்கள். மீன் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மைக்கன் தங்கமானவள்தான். ஆனால் ஏறி நின்று நம் பக்கம் பார்க்க இங்கே ஒரு குன்று உண்டா? தினமும் கடல்சுவர் மேல் போய் நிற்கிறேன். நான் வானம் பார்த்து மழை சொல்கிறவன் என்று நினைத்துக்கொண்டு, துணி காயப்போடும் பெண்கள் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். நானும் ஏதோ சொல்லிவைக்கிறேன்.

மகாராணியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா. மேலங்கியைக் கழற்றிவிட்டு, குற்றவாளி போல வெறும் சட்டையோடு மண்டியிடச் சொன்னாலும் மண்டியிடுகிறேன். இசொபெல்லிடமிருந்து இத்தனை மாதத்தில் ஒரே கடிதம், அதிலும் சினையாடுகளைப் பற்றித்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டு அடுப்பை ஆண்டவர் அணையாமல் காக்கட்டும்.

தம்பி,
நினியன்

பின்குறிப்பு: முத்திரை மெழுகு காய்வதற்குள் இசொபெல்லின் கடிதம் வந்துவிட்டது. மன்னர் ஈஸ்டருக்கே என்னை மன்னித்துவிட்டாராம். மறுபடி வேட்டைக்கு வந்தவருக்கு மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி ஊற்றி, தினமும் காலையில் “இன்னும் ஒரு நாள் இருங்க” என்று கையைப் பிடித்து மன்றாடினாளாம். மூன்றாம் நாள், ஆளை விட்டால் போதும் என்று அவள் நீட்டிய மன்னிப்போலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஓலையை அவள் அறுவடை முடியும்வரை பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். இது உங்களுக்கும் தெரியுமாமே அக்கா. “நீங்க இருந்தா வழியில போறவனையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவீங்க. களஞ்சியம் இப்பத்தான் நிரம்பியிருக்கு. இனி வாங்க. தனியா வாங்க” என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வியாழக்கிழமை கப்பல். மைக்கனிடம் விடைபெறும்போது, மரியாதைக்கு, நீங்களும் ஒருமுறை எங்கள் பக்கம் வரவேண்டும் என்று சொன்னேன். இந்த ஊரில் மறுக்கிற வழக்கமே இல்லை. அவளும் தங்கைகள் நால்வரும் மூட்டை கட்டிவிட்டார்கள். மகாராணியிடம் ஒன்றும் பேசவேண்டாம் அக்கா. இசொபெல்லிடம் பேசுங்கள்.