மயில் இல்லாத ஏரிப் பங்களா

எதைப் பார்த்தாலும் மார்க் போடும் வியாதி எனக்கு இளவயதில் இருந்தது. ஓட்டல் சாம்பார், வாத்தியார்களின் மீசை, எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருநாய்கள், ஒன்றையும் விட்டதில்லை. (எனக்கு நானே போட்டுக்கொண்டது எப்போதும் பத்துக்குப் பத்து.) அந்த வியாதி முற்றியது அக்கா கல்யாணத்தில்.

எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு, உலகம் என்னை எப்போது அழைக்கும் என்று காத்திருந்தேன். வேலூரிலிருந்து சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கடிதம் போட்டார். ரிடையர்டு தாசில்தார். சத்திரத்தில் தங்கமாட்டாராம், காற்றோட்டமான பங்களா வேண்டுமாம். அப்போது ஊருக்கு வெளியே இரண்டு பணக்காரப் பங்களாக்கள் சொகுசு விடுதிகளாக மாறியிருந்தன. ஒன்று மாந்தோப்புக்குள், மற்றது தாமல் ஏரிப் பக்கம்.

"ரெண்டையும் பாத்துட்டு, எது தோதுன்னு சம்பந்திக்கு எழுதிப் போடுடா. அப்படியே இந்த டிசைனை அட்டை குத்துறவருகிட்ட குடுத்துடு" என்றார் நைனா.

அக்காவின் முகூர்த்தப் புடவையை அவரே நெய்தார். கரைக்காக, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி இரண்டு மயில் வரைந்திருந்தார். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். துளை எப்படியோ தறியில் ஜரிகையும் அப்படியே விழும்.

பட்டதாரி போய்க் கடிதம் எழுதுவதா? நைனாவின் கட்டிலிருந்து இன்னொரு கிராஃப் தாளை உருவிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு தூண்கள்: இடது தோப்பு, வலது ஏரி. மார்க் ஏற ஏறத் தூண் உயரும். விளக்கமெல்லாம் பின்பக்கம் பென்சிலில்.

தோப்புப் பங்களாவில் தேக்குக் கட்டில், வெள்ளிக் கரண்டி, மெத்தையில் மூட்டைப்பூச்சி. மேனேஜர் என்னையே மாப்பிள்ளை என்று நினைத்து இரண்டு முறை காப்பி கொடுத்தார். (நான் மறுக்கவில்லை.) ஏரிப் பங்களாவில் கட்டில் சுமார்தான். ஆனால் கக்கூஸ்! வெள்ளைப் பீங்கான், சங்கிலியை இழுத்தால் அருவி. எங்கள் தெருவே கண்டிராத அதிசயம். ஏழு முறை இழுத்தேன். எட்டாவதுக்குக் கை போனபோது வாட்ச்மேன் வந்து, "விடுபா, தொட்டி காலியாயிட்ச்சி" என்றார்.

பத்துக்குப் பத்து போதவில்லை. அந்தத் தூணை மட்டும் மேலே போகப்போகக் குறுக்கி, இன்னும் ஐந்து கட்டம் உயர்த்தினேன்.

திரும்பும் வழியில், நாலாக மடித்த ஒரு தாளை அட்டை குத்துபவரிடம் கொடுத்தேன். இன்னொன்றைக் கவரில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். பிரித்துப் பார்க்கவெல்லாம் எனக்கு ஏது நேரம்?

பதில் வந்தபோது தறிக்குப் பக்கத்திலேயே நின்று உரக்கப் படித்தேன்: "படம் கிடைத்தது. விவரம் புரியவில்லை. ஆயினும் மயில் உள்ள பங்களாவையே அமர்த்தவும்."

தறிச் சத்தம் நின்றது.

"என் மயிலு எப்படிடா வேலூருக்குப் போச்சு?"

எட்டிப் பார்த்தேன். அரக்குக் கரையில் ஒரு முழத்துக்கு என் மார்க்குகள் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தன.

"படிச்ச புள்ள, ஏதோ புதுசா கோபுரக் கரை வரைஞ்சிக்கீறான்னு நெனச்சி நெய்துக்கினு இருக்கறேன்டா!"

"அறுத்துட்டு வேற போட்டுடலாமே நைனா..."

"முகூர்த்தப் புடவைய பாதியில அறுக்கறதா? வாயக் கழுவு!"

அக்கா வந்து நின்றாள். "எல்லாத்தையும் விட ஒசரமா இருக்குதே, அது இன்னாடா?"

சொன்னேன்.

"தாலி கட்டிக்கறப்ப நான் கக்கூஸைச் சுத்திக்கினு ஒக்காரணுமா? அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என் மானம் இன்னாடா ஆவும்?" அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கே நான் பூஜ்யம் போட்டுக்கொண்டேன்.

சம்பந்தி வந்து இறங்கியதும் ஏரிப் பங்களா வராந்தாவில் நின்று, "மயில் எங்கே தம்பி?" என்றார்.

"மேயப் போயிருக்குதுங்க."

மூன்று நாளும் மனிதர் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்தன்று, மாப்பிள்ளையின் அத்தை அக்காவின் முந்தானைக் கரையைக் கையில் எடுத்தார். "அடடா, கோபுரத்தையே நெய்துட்டாங்களே!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்தக் கோயிலும்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பந்தலைப் பார்த்தேன்.

"தாமல் பக்கமுங்க" என்றாள்.

பின்னாளில் உண்மை தெரிந்தபோது மாமா, அதாவது அக்காவின் கணவர், அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறியதுதான் மிச்சம். இன்றும் எங்கள் வீட்டில் யாரும் கக்கூஸுக்குப் போவதில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு, "கோபுரம் பாத்துட்டு வந்துடறேன்" என்றுதான் எழுந்து போகிறார்கள்.