தென்றல் தெருவில் யாருமில்லை

மழை எப்படியிருக்கும் என்று குழந்தைகள் கேட்டால், பெற்றோர் சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்த நாடு அது. நான்கு பக்கமும் மணல். நடுவில் கானலூர் என்ற தலைநகரம். அதை ஆண்டவருக்கு மகாபுரவலர் என்று பட்டம். அவரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

மகாபுரவலருக்கு வீடு கட்டுவதில் தீராத ஆசை. பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது சிரமம், வீடு கட்டுவது எளிது. ஆகவே கட்டினார். மணலில் கோடு கிழித்துத் தெருக்கள் போட்டு, தென்றல் தெரு, அருவித் தெரு, தாமரைக்குளத் தெரு என்று பெயரும் வைத்தார். வசதியுள்ளவர்கள் ஆளுக்கு நாலைந்து வீடு வாங்கினார்கள். குடியிருக்க அல்ல, அடுத்தவரிடம் கூடுதல் விலைக்கு விற்பதற்கு. அடுத்தவரும் அதற்கடுத்தவரிடம் விற்கவே வாங்கினார். ஒரு கோடையில் கடைசியாக வாங்கியவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

விலை சரிந்தது. கொத்தனார்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அரசு விலைக்கு முட்டுக் கொடுப்பதாகச் சொல்லி, விற்காத வீடுகளையெல்லாம் தானே வாங்கிப் பூட்டி வைத்தது. அப்படியும் விலை ஏறவில்லை. வீட்டு வளத்துறை அமைச்சர் பேரின்பநாதர் முரசு அறைவித்தார்.

"விலை விழவில்லை. நெடுந்தூரம் ஏறிய களைப்பில் அது அமர்ந்திருக்கிறது. அமர்ந்திருப்பதை விழுந்தது என்று கூறுவோர் நாட்டை அவமதித்த குற்றத்துக்கு ஆளாவர்."

இந்தச் சமயத்தில்தான் செவ்வந்தியும் நல்லமுத்துவும் வீடு வாங்கக் கிளம்பினார்கள்.

நல்லமுத்து ஒட்டக வண்டிக்காரன். அந்தப் புதுத் தெருக்களுக்கெல்லாம் செங்கல் ஏற்றிப் போனவன். செவ்வந்தி சந்தைக் கடைகளுக்கு வெயில் மறைப்புத் துணி தைப்பவள். உப்புக்காரச் சந்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரும் அப்படித்தான், அதற்கு முந்தையவரும். கல்யாணமான நாளிலிருந்து செவ்வந்தி தன் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, குனிந்துதான் தலை வாரினாள்.

வீட்டு வளத்துறையின் விற்பனைக் கூடத்தில் ஒரு தரகர் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார். நல்லமுத்து கேட்டான்.

"அண்ணே, விலை நல்லா கொறஞ்சிருக்காமே?"

தரகர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த வார்த்தை வேண்டாம் தம்பி. விலை இப்ப ரொம்பப் பணிவா இருக்கு."

"எவ்வளவு பணிவு?"

"நீங்க சும்மா நின்னாலே போதும், அது வந்து உங்க கால்ல விழும்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கால்ல உக்காரும்."

தென்றல் தெருவில் நாற்பது வீடுகள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று செவ்வந்தி கேட்டாள்.

"அதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லம்மா. அமைதியான இடம்."

கையிலிருந்தது, அவள் காதிலிருந்தது எல்லாம் சேர்ந்து நடுவீடு ஒன்று அவர்களுடையதாயிற்று. சாவி கைக்கு வந்த அன்றே செவ்வந்தி ஓர் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டினாள். நிமிர்ந்து நின்று முகம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தாள்.

"இது எதுக்கு?" என்றான் நல்லமுத்து.

"சும்மாதாங்க."

முதல் வாரம் இருவரும் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தெருவின் அமைதி காதில் விழுந்தது. காற்றடித்தால் இரு பக்கமும் பூட்டிய கதவுகள் ஒன்றாக முனகின. தண்ணீர் வண்டி வாரத்துக்கு ஒரு பீப்பாயை இறக்கிவிட்டு, வேறு யாரும் இல்லாததால் திரும்பிப் பார்க்காமல் போனது. ஒருநாள் செவ்வந்தி மதில்மேல் எட்டி, "அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தாள். உப்பு வேண்டியிருக்கவில்லை. கேட்டால் எப்படியிருக்கும் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

கடற்கரை நாட்டிலிருந்து ஒரு பெருவணிகர் மொத்தமாக வீடுகள் வாங்க வருகிறார் என்று செய்தி வந்தது. ஆளில்லாத தெருவை அவருக்கு எப்படிக் காட்டுவது? அமைச்சரிடமிருந்து ஆணை வந்தது. தெருவில் யார் குடியிருக்கிறார்களோ, அந்தத் தெரு முழுதும் குடியிருப்பதாகத் தோன்றச் செய்வது அவர்கள் கடமை. தவறினால் வீடு பறிமுதல்.

ஆணையைக் கொண்டுவந்த அதிகாரி மற்ற முப்பத்தொன்பது வீட்டுச் சாவிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வந்தி தன் வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் அள்ளி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடியில் போட்டாள். இந்த வாசலில் சேலை, அந்த வாசலில் வேட்டி, அடுத்ததில் தலையணை உறை. தீர்ந்ததும், தைக்க வாங்கி வைத்திருந்த துணியைக் கிழித்துப் போட்டாள். அடுப்புகளில் ஒட்டகச் சாணம் மூட்டிப் புகை கிளப்பினாள். நல்லமுத்துவின் வேலை இன்னும் கடினம். வணிகர் ஒரு வாசலைக் கடக்கும்போது அங்கே வீட்டுக்காரனாக நின்று கும்பிட வேண்டும். பிறகு கொல்லைப்புறமாக ஓடி, தலைப்பாகையை மாற்றிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி மறுபடியும் நின்று கும்பிட வேண்டும்.

வணிகர் பாதித் தெரு வந்ததும் நின்றார்.

"இங்கே எல்லாருக்கும் ஒரே முகமாக இருக்கிறதே?"

பேரின்பநாதர் தயங்கவில்லை. "எங்கள் நாட்டில் சமத்துவம் அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது."

வணிகர் யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார். அப்புறம் வரவேயில்லை. ஆனாலும் அமைச்சருக்குத் தான் கண்ட காட்சி மிகவும் பிடித்துவிட்டது. தென்றல் தெருவில் நாற்பது குடும்பங்கள் இன்பமாக வாழ்கின்றன என்று மகாபுரவலரிடம் தெரிவித்தார்.

அதை நீர்த்துறை கேள்விப்பட்டது. நாற்பது குடும்பங்கள், வாரத்துக்கு ஒரே பீப்பாய். நீர்த்துறையினர் வியந்து போனார்கள். இவ்வளவு சிக்கனமாக வாழ முடியுமென்றால் மற்றவர்கள் ஏன் வாழக் கூடாது? இனி நாற்பது குடும்பத்துக்கு ஒரு பீப்பாய் என்பதே கானலூர் முழுமைக்கும் அளவு என்று சட்டம் வந்தது. அதற்குத் தென்றல் அளவு என்று பெயர்.

தைத்த துணியைக் கொடுக்க உப்புக்காரச் சந்துக்குப் போன செவ்வந்தி, பழைய பக்கத்து வீட்டுப் பவளக்கொடியைப் பார்த்தாள். ஈரத் துணி ஒன்றால் பிள்ளைகள் மூவரின் முகத்தையும் துடைத்துவிட்டு, அதே துணியைப் பானையில் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உங்க தென்றல் தெருக்காரங்களை நெனச்சா ஆச்சரியமா இருக்கு செவ்வந்தி. எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ. மனுசங்களா, இல்ல ஓணானா?"

செவ்வந்திக்குக் கொடியில் தொங்கிய ஒவ்வொரு துணியும் நினைவுக்கு வந்தது. கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் நேரே அமைச்சர் மாளிகைக்கு நடந்தாள்.

"ஐயா, அந்தத் தெருவுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான் இருக்கோம். எங்களை வச்சு ஊருக்கே தண்ணியைக் குறைச்சுட்டாங்க."

பேரின்பநாதர் பொறுமையானவர். "அம்மணி, நாற்பது வீடுகளில் முப்பத்தொன்பது வீடுகளிலிருந்து இதுவரை ஒரு குறையும் வரவில்லை. ஒரு வீடு மட்டும் வந்து நிற்கிறது. மக்களாட்சியில் எது பெரிது, முப்பத்தொன்பதா, ஒன்றா?"

"அந்த வீடுங்கள்ல ஆளே இல்லைங்களே. அது எப்படிங்க வந்து குறை சொல்லும்?"

"குறை சொல்லாதவர்களைத்தான் நாங்கள் நல்ல குடிமக்கள் என்கிறோம். வரும் தேர்தலில் வீட்டுக்கு ஒரு வாக்கு. வாசலுக்கு வந்து மகாபுரவலர் வேண்டாம் என்று சொல்லாத வீடு, வேண்டும் என்று சொன்னதாகக் கொள்ளப்படும். அந்த முப்பத்தொன்பது வீடுகளும் எங்கள் பக்கம் உறுதியாக நிற்கின்றன." எழுத்தர் பக்கம் திரும்பினார். "இன்னொன்றையும் சட்டமாக்குங்கள். அரசின் வீடுகளில் ஆளில்லை என்று கூறுவது இன்று முதல் சிறைக் குற்றம்."

செவ்வந்தி பயத்தோடுதான் வெளியே வந்தாள். நடக்க நடக்கப் பயம் குறைந்து யோசனை வந்தது. சாப்பிடும்போது கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, ஆளில்லைன்னு சொன்னா ஜெயில்."

"ஆமா. அதான் வாயை மூடிக்கிட்டு இருப்போம்."

"ஆள் இருக்குன்னு சொன்னா?"

"அது சட்டப்படி சரிதான்."

"அப்ப பவளக்கொடி பிள்ளைங்களோட வந்து பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டா, நீ புதுசா வந்தவள்னு யாரு சொல்ல முடியும்? அப்படிச் சொல்லணும்னா, இதுவரைக்கும் அங்க ஆளில்லைன்னுல்ல சொல்லணும்?"

நல்லமுத்து ரொட்டியைக் கீழே வைத்தான். "சர்க்கார் வீடு புள்ள."

"மணலு குடியிருக்கலாம், மனுசன் கூடாதா?"

ரொட்டியை மறுபடியும் எடுத்துக் கடித்தான். பிறகு, "வண்டி ஒண்ணு பத்தாது," என்றான்.

மறுநாள் காலையிலேயே செவ்வந்தி வாசல் கொடிகளில் மறுபடியும் துணிகளைப் போட்டு வைத்தாள். பட்டப்பகலில் உப்புக்காரச் சந்திலிருந்து ஒட்டக வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. பானை, பாய், தொட்டில், ஆடு, எல்லாம் ஏறியிருந்தன. தெருமுனைக் காவலன் மறித்தான்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு," என்றாள் முதல் வண்டியிலிருந்த பவளக்கொடி.

"எந்த வீட்டுக்கு?"

"அதோ, வாசல்ல சேலை காயுதே, அந்த வீட்டுக்கு."

காவலன் சேலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கேட்க நினைத்த கேள்வி எதைக் கேட்டாலும் ஜெயிலில் போய் முடிவதாகத் தெரிந்தது. வழிவிட்டான்.

ஒரு வாரத்தில் நாற்பது வீடுகளும் நிரம்பின. வீடு கட்டிய காலத்தில் சாந்து குழைக்கத் தோண்டிய கிணறு தெருக்கோடியில் மணலில் புதைந்து கிடந்தது நல்லமுத்துவுக்குத் தெரியும். இரண்டு பேரால் அதை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. இப்போது ஆணும் பெண்ணுமாக நூறு பேர் இறங்கி மணலை வாரினார்கள். தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. உப்பும் இருந்தது. ஆனாலும் அன்று தெருவில் எல்லாப் பிள்ளைகளும் குளித்தார்கள். பவளக்கொடி தன் பிள்ளைகளை மாற்றி மாற்றி மூன்று தடவை குளிப்பாட்டினாள். அவர்கள் அழ ஆரம்பித்த பிறகுதான் விட்டாள்.

தேர்தல் நாளில் அதிகாரிகள் தெருத் தெருவாக நடந்தார்கள். அருவித் தெருவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. மகாபுரவலருக்கு அத்தனை வாக்கும் கிடைத்தது. தாமரைக்குளத் தெருவிலும் அப்படியே. தென்றல் தெருவுக்கு வந்தபோது முதல் வாசலிலேயே ஒரு பெண் நின்றிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

அடுத்த வாசலிலும் வேண்டாம். அதற்கடுத்த வாசலில் ஒரு பல்லில்லாக் கிழவர் நின்றிருந்தார். அவர் சொன்னது வேண்டாமா வேண்டுமா என்று தெரியாமல் அதிகாரி இன்னொரு முறை கேட்டார். கிழவர் கையையும் ஆட்டிக் காண்பித்தார். நாற்பது வீடும் முடிந்தபோது அதிகாரிகளுக்கு வியர்த்திருந்தது.

மகாபுரவலர் வென்றுவிட்டார். ஆனால் வெற்றியின் நடுவே அந்த ஒரு தெரு முள்ளாக உறுத்தியது. பேரின்பநாதர் இரவெல்லாம் ஆலோசித்து, காலையில் ஓர் அறிவிப்பாளரைத் தெருவுக்கு அனுப்பினார்.

வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் முரசு, கையில் ஓலை. தெருவே சந்தைபோல் இரைந்துகொண்டிருந்ததால் அவர் முரசடித்தது யாருக்கும் கேட்கவில்லை. செவ்வந்திதான் கவனித்து, "கொஞ்சம் சும்மா இருங்க, ஐயா என்னமோ வாசிக்கணுமாம்," என்று எல்லாரையும் அடக்கினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"இதனால் அறிவிப்பது யாதெனில், தென்றல் தெருவில் யாரும் வசிக்கவில்லை. நாற்பது வீடுகளும் காலியாக உள்ளன. ஆகவே இத்தெருவிலிருந்து வந்த வாக்குகள் செல்லா."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. இந்தத் தெருவில்தான் செவ்வந்தி தன் சுவரில் ஆணி அடித்தாள், இப்போது அதே தெருவில் நின்றுகொண்டு தான் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அறிவிப்பாளரின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து முழுவதும் குடித்தார். பிறகு ஓலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கேட்டுக்கிட்டதா தெருவுல குடியிருக்கிறவங்க யாராச்சும் ஒருத்தர் கைநாட்டு வைக்கணும்மா. அதான் முறை."

"தெருவுல யாருமே இல்லைன்னு இப்பதானேய்யா வாசிச்சீங்க," என்றாள் செவ்வந்தி.

அறிவிப்பாளர் யோசித்தார். ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகினார். முரசை இறக்கி நிழலில் வைத்தார். வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் கண், கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் போய் நின்றது.

"நான் அரண்மனைக்குப் பின்னால ஒரு சந்துல வாடகைக்கு இருக்கேன்," என்றார் தாழ்ந்த குரலில். "நாலு பிள்ளைங்க. இங்க ஏதாவது வீடு காலியா இருக்காம்மா?"

செவ்வந்தி தெருவை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாமே காலிதானேங்க," என்றாள். "எது வேணும், சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்றேன்."